காற்று போகட்டும், சத்தம் நிற்கட்டும்

காற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்குத்தான் டக்ட். நீளமான தகரப் பெட்டி, ஒரு முனையில் ஃபேன், மறுமுனையில் கிரில். ஆனால் அந்தப் பெட்டிக்குள் காற்று தனியாக வருவதில்லை. ஃபேன் போடும் சத்தமும் அதே வழியாக அறைக்குள் வந்து சேருகிறது. காற்றை மறிக்காமல் சத்தத்தை மட்டும் வழியிலேயே கரைப்பது எப்படி என்பதுதான் என் தொழிலில் பாதி. அதற்கு நாங்கள் செய்யும் முதல் வேலை, டக்ட்டின் உட்புறத்தில் கிளாஸ் வூல் மாதிரி ஒரு பொருளை ஒட்டுவது. லைனிங் என்பார்கள். பார்க்க எளிமையான இந்த ஏற்பாட்டுக்குள் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்பதை விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

பலரும் நம்ப மறுக்கும் ஒரு விஷயத்திலிருந்து தொடங்கலாம். அறையிலிருந்து காற்றை உறிஞ்சி ஃபேனுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பாதைக்கு ரிட்டர்ன் டக்ட் என்று பெயர். ஃபேன் சத்தம் அந்த வழியாகவும் வருகிறது என்று சொன்னால், "காற்று அந்தப் பக்கமல்லவா போகிறது, சத்தம் எப்படி எதிர்த்து வரும்?" என்று அனுபவமுள்ளவர்களே கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. டக்ட்டில் காற்று நொடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு சேர்ந்து போகும் ஒலிக்கு 349, எதிர்த்து வரும் ஒலிக்கு 337. ஒலியைப் பொறுத்தவரை அந்தக் காற்று கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. அதனால்தான் அறைக்குக் காற்றைக் கொண்டுவரும் சப்ளை டக்ட்டுக்கு மட்டும் லைனிங் போட்டு ரிட்டர்னை வெறும் தகரமாக விட்ட கட்டடங்களில், பணம் செலவழித்த பிறகும் இரைச்சல் அப்படியே இருக்கிறது.

இன்னொரு ஒப்பீடும் எனக்குப் பிடிக்கும். 94 டெசிபல் என்பது பக்கத்தில் நின்று பேச முடியாத அளவு சத்தம். அதில் காற்றழுத்தம் 1 பாஸ்கல் அளவுக்கு ஏறி இறங்குகிறது. அந்த அழுத்தத்தில் காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் அசையும் வேகம் நொடிக்கு வெறும் 2.4 மில்லிமீட்டர். 1000 ஹெர்ட்ஸ் ஒலியென்றால் அவை நகரும் தூரம் அரை மைக்ரோமீட்டர் அளவுதான். நொடிக்கு 6 மீட்டர் ஓடும் காற்றுக்குள், அதைவிட இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் மெல்லிய இந்த நடுக்கம் ஒளிந்திருக்கிறது. லைனிங் பிடிக்க வேண்டியது இந்த நடுக்கத்தை. ஓட்டத்தை அது தொடவே கூடாது.

ஆற்றல் கணக்கில் பார்த்தாலும் அப்படித்தான். 100 டெசிபல் ஒலித்திறன் கொண்ட ஃபேன் என்றால் நல்ல சத்தமான ஃபேன். அது ஒலியாக வெளிவிடும் திறன் மொத்தமே 0.01 வாட். அந்த ஒலி முழுவதையும் வெப்பமாக மாற்றினாலும் ஒரு தெர்மாமீட்டரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சிறிய ஆற்றல் காதுக்கு இவ்வளவு தொல்லை தருகிறது. வெறும் தகர டக்ட்டில் நடுத்தர அதிர்வெண் ஒலி மீட்டருக்கு ஒரு டெசிபலின் சிறு பகுதியைத்தான் இழக்கிறது. பத்து மீட்டர் போனாலும் பெரிதாகக் குறையாது.

லைனிங் வேலை செய்வது உராய்வால். கிளாஸ் வூலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும். நடுவில் எல்லாம் காற்று. பொருளின் கன அளவில் பெரும்பகுதி காலி இடம்தான். ஒலி அதற்குள் நுழைந்ததும், முன்னும் பின்னும் அசையும் காற்று இழைகளின் மேல் தேய்கிறது. தேயத் தேய அசைவு வெப்பமாக மாறுகிறது. இதில் இரண்டு பக்கமும் கவனம் வேண்டும். இழைகள் மிக நெருக்கமாக அமுக்கப்பட்டிருந்தால் ஒலி உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். மிகத் தளர்வாக இருந்தால் நுழைந்து, பின்னாலுள்ள தகரத்தில் பட்டு, பெரிய இழப்பில்லாமல் வெளியே வந்துவிடும். காற்று ஊடுருவப் பொருள் காட்டும் எதிர்ப்பு ஓர் இடைப்பட்ட அளவில் இருக்க வேண்டும். விற்பனைத் தாளில் அடர்த்தியைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது இந்த எதிர்ப்பை.

தளத்தில் நான் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒட்டப்போகும் பொருளில் ஒரு சுத்தமான துண்டை வாங்கி, துணி சுற்றி வாயில் வைத்து ஊதிப் பார்ப்பேன். மூச்சு மெதுவாக, கொஞ்சம் சிரமப்பட்டு மறுபக்கம் போனால் அது ஒலிக்கான பொருள். மூச்சே போகவில்லை என்றால் அது மூடிய துளைகள் கொண்ட ஃபோம். குழாய்களுக்கு மேல் சுற்றும் வெப்பக் காப்புப் பொருள் அது. வெப்பத்துக்கு மிக நல்லது, ஒலி உறிஞ்சுவதில் பெரும்பாலும் பயனில்லை. இரண்டும் கறுப்பாக, மெத்தென்று, ஒரே தடிமனில் இருப்பதால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று போய்விடுகிறது. டக்ட் முழுக்க ஒட்டி முடித்த பிறகு இது தெரியவந்தால் யாருக்கும் நல்ல நாளாக அமையாது. மூச்சு ஊதிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தயவுசெய்து செய்யுங்கள்.

சரி, தடிமனுக்கு வருவோம். தகரச் சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள் அசைய முடியாது, சுவர் தடுக்கிறது. அசைவு இல்லாத இடத்தில் உராய்வு இல்லை, உராய்வு இல்லாத இடத்தில் உறிஞ்சுதலும் இல்லை. சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளித்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 8.6 சென்டிமீட்டர். 125 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 2.7 மீட்டர், கால் பங்கு கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர். வழக்கமாக ஒட்டும் லைனிங்கின் தடிமன் 25 மில்லிமீட்டர். உயர்ந்த அதிர்வெண்ணில் அது கெட்டிக்காரன். 125 ஹெர்ட்ஸில் அது அசைவே இல்லாத இடத்தில் படுத்துக் கிடக்கிறது. ஃபேன்களின் உறுமல் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த பகுதியில் இருப்பதுதான் சிக்கல்.

எண்ணாகப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1940இல் ஹேல் சபைன் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். அரங்க ஒலியியலுக்கு அடித்தளம் போட்ட வாலஸ் சபைன் வேறு, இவர் வேறு. டக்ட்டின் உட்சுற்றளவைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்க வேண்டும். லைனிங்கின் உறிஞ்சும் கெழுவை (மேலே படும் ஒலியில் எவ்வளவு பங்கை அது உறிஞ்சுகிறது என்ற எண்) 1.4 என்ற அடுக்குக்கு உயர்த்தி அதோடு பெருக்க வேண்டும். கடைசியில் 1.05ஆல் பெருக்கினால், மீட்டருக்கு எத்தனை டெசிபல் குறையும் என்று விடை வரும். லைனிங் போக உள்ளளவு 600க்கு 300 மில்லிமீட்டர் உள்ள டக்ட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 1.8 மீட்டர், பரப்பு 0.18 சதுர மீட்டர், விகிதம் 10. 1000 ஹெர்ட்ஸில் கெழு 0.8 என்றால் மீட்டருக்கு 7.7 டெசிபல் குறைகிறது. 125 ஹெர்ட்ஸில் கெழு 0.1 என்றால் மீட்டருக்கு 0.4 டெசிபல். மூன்று மீட்டர் லைனிங் போட்டால் ஒன்றில் 23 டெசிபல், இன்னொன்றில் 1.3 டெசிபல். அந்த 1.3 டெசிபலைக் காதால் பிரித்தறிவதே கடினம்.

ஆகவே "மூன்று மீட்டர் லைனிங் எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும்?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணாகப் பதில் கிடையாது. எந்த அதிர்வெண்ணில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். எண்ணை மட்டும் சொல்லி விற்பவரிடம் நான் எதையும் வாங்கச் சொல்வதில்லை.

அந்தச் சூத்திரத்தில் சுற்றளவுக்கும் பரப்புக்கும் உள்ள விகிதம் வருவதைக் கவனியுங்கள். டக்ட் பெரிதாகப் பெரிதாக அந்த விகிதம் சுருங்கும். 1200க்கு 1200 உள்ள பெரிய டக்ட்டில் அதே பொருள், அதே 1000 ஹெர்ட்ஸ், ஆனால் மீட்டருக்கு 2.6 டெசிபல்தான். ஒலியில் பெரும்பகுதி சுவரைச் சந்திக்காமலே நடுவில் போய்விடுகிறது. இதற்காகத்தான் பெரிய டக்ட்டுகளில் நடுவே தடுப்புப் பலகைகள் மாதிரி உறிஞ்சும் பலகைகளை நிறுத்தி, ஒரு பெரிய வழியைப் பல குறுகிய வழிகளாகப் பிரிக்கிறார்கள். ஸ்ப்ளிட்டர் சைலன்சர் என்று விற்பது அதுதான்.

இந்தச் சூத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அலைநீளம் டக்ட்டின் அகலத்தைவிட மிகச் சிறிதாகிவிட்டால் கணக்கு பொய்த்துப்போகும். 4000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 8.6 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள டக்ட்டில் அந்த ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராகப் பாய்ந்துவிடும், ஓரத்திலுள்ள லைனிங் சும்மா வேடிக்கை பார்க்கும். சூத்திரம் ஏராளமான டெசிபல் சொல்லும், அளந்தால் அதில் பாதிகூட இருக்காது. இதற்கு மருந்து ஒரு வளைவு. உட்புறம் லைனிங் போட்ட ஒரே ஒரு 90 டிகிரி வளைவு, நேராகப் பாயும் ஒலியைச் சுவரில் மோத வைத்துவிடும். நேர் டக்ட்டில் இன்னும் இரண்டு மீட்டர் லைனிங்கைக் கூட்டுவதைவிட, வரைபடத்திலேயே இருக்கும் வளைவுக்கு லைனிங் போடச் சொல்வது எனக்கு எப்போதும் முதல் யோசனை.

இனி வருவது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுவர் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. 1939இல் பிலிப் மோர்ஸ், குழாய்க்குள் போகும் ஒலியைச் சுவரின் இம்பீடன்ஸோடு சேர்த்து முறையாகக் கணித்துக் காட்டினார். சுவரின் மேல் ஒலியழுத்தம் படும்போது அங்கே காற்று எவ்வளவு அசையும், எவ்வளவு தாமதித்து அசையும் என்பதைச் சொல்லும் அளவு அது. சுவர் மிகக் கடினமாக இருந்தால் ஒலி அதைத் தொட்டு நழுவிப் போகிறது. சுவர் அளவுக்கு மீறி இளகியிருந்தால் வேறொன்று நடக்கிறது. சுவரருகே அழுத்தமே இல்லாமல் போகிறது, ஒலி தன்னை நடுவழிக்கு ஒதுக்கிக்கொண்டு சுவரைத் தொடாமலே போய்விடுகிறது. இரண்டு நிலையிலும் இழப்பு குறைவு. இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓர் உச்சம் இருக்க வேண்டும்.

அந்த உச்சத்தை 1953இல் லோதர் கிரெமர் கண்டுபிடித்தார். பின்னாளில் பெர்லின் ஃபில்ஹார்மோனி அரங்கத்தின் ஒலியமைப்பைக் கவனித்தவரும் இவரே. டக்ட்டுக்குள் ஒலி ஒரே வடிவத்தில் போவதில்லை. குறுக்குவாட்டில் பல அமைப்புகள் உண்டு, மோடு என்கிறோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் கரையும். சுவரின் இம்பீடன்ஸை மாற்றிக்கொண்டே போனால், கரைவதில் மிகவும் மந்தமான இரண்டு மோடுகளும் ஒரு குறிப்பிட்ட மதிப்பில் ஒன்றோடொன்று கலந்து ஒன்றாகிவிடுகின்றன. அந்தப் புள்ளியில்தான் இழப்பு உச்சம். அதைத் தாண்டினால் ஒன்று வேகமாகக் கரையும், மற்றது தப்பித்துவிடும். எங்களுக்கு முக்கியம் தப்பிப்பது எது என்பதே. இந்த உகந்த மதிப்பு டக்ட்டின் அகலத்தோடும் அதிர்வெண்ணோடும் சேர்ந்து ஏறுகிறது. ஒரே பொருளால் எல்லா அதிர்வெண்ணிலும் அதைப் பின்தொடர முடியாது. ஆகவே எந்த அதிர்வெண்ணைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அதற்காக லைனிங்கை வடிவமைக்க வேண்டும்.

மோடுகளால் இன்னொரு விளைவும் உண்டு. லைனிங்கின் முதல் ஒன்றிரண்டு மீட்டரில் எளிதில் கரையும் மோடுகள் எல்லாம் மடிந்துபோகும்; குறைவு வேகமாக இருக்கும். அதற்கப்புறம் பிடிவாதமான மோடு மட்டும் மிஞ்சும். இரண்டாவது மீட்டர் கொடுத்ததை எட்டாவது மீட்டரும் கொடுக்கும் என்று பெருக்கக் கூடாது.

இப்போது காற்றோட்டத்தைச் சேர்ப்போம். ஓடும் காற்று லைனிங்கின் வேலையை இரண்டு விதமாக மாற்றுகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். முதலாவது, நேரம். காற்றோடு போகும் ஒலி லைனிங்கை விரைவாகக் கடந்துவிடுவதால் உறிஞ்ச நேரம் குறைவு. எதிர்த்து வரும் ஒலி மெதுவாக வருவதால் அதிகம் கரைகிறது. இரண்டாவது, வளைதல். காற்று டக்ட்டின் நடுவில் வேகமாகவும் சுவரருகே மெதுவாகவும் ஓடுகிறது. காற்றோடு போகும் ஒலியின் நடுப்பகுதி முந்திக்கொள்ள, அலை சுவரை நோக்கித் திரும்புகிறது, லைனிங்குக்கு நல்ல வேட்டை. எதிர்த்து வரும் ஒலிக்கு நடுப்பகுதி பின்தங்குகிறது, அலை சுவரை விட்டு விலகி நடுவில் திரள்கிறது. வெட்டவெளியில் காற்று வீசும் பக்கம் நிற்பவருக்குச் சத்தம் நன்றாகக் கேட்பதும் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு மங்குவதும் இதே வளைதலால்தான். தாழ்ந்த அதிர்வெண்களில் நேரம் ஜெயிக்கிறது, உயர்ந்த அதிர்வெண்களில் வளைதல் ஜெயிக்கிறது. சைலன்சர் தயாரிப்பாளர்களின் அட்டவணையில் காற்றின் திசையிலும் எதிர்த்திசையிலும் தனித்தனி எண்கள் இருப்பது இதனால்தான். சப்ளைக்கு ஒரு வரிசை, ரிட்டர்னுக்கு இன்னொரு வரிசை.

இந்த வளைதலுக்கான சமன்பாட்டை 1958இல் பிரிட்மோர்-பிரவுன் எழுதினார். ஓட்டத்துக்கும் சுவருக்கும் நடுவேயுள்ள மெல்லிய அடுக்கை ஒதுக்கிவிட்டுக் கணக்கை எளிமையாக்கும் வழியை 1959இல் இங்கார்டும், வளைந்த சுவர்களுக்கு 1980இல் மையர்ஸும் கொடுத்தார்கள். பல பத்தாண்டுகளாக எல்லோரும் பயன்படுத்திவந்த இந்த எளிமைப்படுத்தலில் கணித அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்று 2009இல் எட்வர்ட் பிராம்ப்ளி காட்டினார். அலைநீளம் குறையக் குறைய அதில் வரும் நிலைகுலைவு எல்லையில்லாமல் வேகமாக வளர்ந்துவிடுகிறது. ஒதுக்கிவிட்ட அந்த மெல்லிய அடுக்கைத் திரும்பக் கணக்கில் சேர்த்தால் கோளாறு தீர்கிறது. ஒரு மயிரிழை அடுக்கு இவ்வளவு பேரை இவ்வளவு காலம் வேலை வாங்கியிருப்பதை நினைத்தால் எனக்கு இந்தத் துறையின் மேல் மரியாதை கூடுகிறது.

இதெல்லாம் உச்சத்தில் தெரிவது விமான எஞ்சினில். அங்கே ஃபேனின் முன்னால் காற்று ஒலி வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி வேகத்தில்கூட ஓடுகிறது. இழை லைனிங் அந்த வேகத்தில், மழையிலும் எரிபொருள் ஆவியிலும் தாக்குப்பிடிக்காது. அதனால் துளையிட்ட மெல்லிய தகட்டுக்குப் பின்னால் தேன்கூடு அறைகளை வைக்கிறார்கள். ஒவ்வோர் அறையும் ஒரு சிறு ஒத்ததிர்வி, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் பலமாக அதிரும் கூடு. ஃபேன் இறக்கைகள் கடக்கும் அதிர்வெண்ணுக்கு அதைச் சுருதி சேர்த்துவிடுகிறார்கள். தகட்டை உரசி ஓடும் காற்று துளைகளின் எதிர்ப்பைக் கூட்டிவிடும். எனவே மேசையில் வைத்து அளந்த தகடும் பறக்கும்போதுள்ள தகடும் ஒலிக்கு வேறு வேறு பொருள்கள். கிரெமரின் உகந்த மதிப்பும் ஓட்டத்தில் நகர்ந்துவிடுகிறது. எவ்வளவு நகரும் என்பதை 1973இல் பிரையன் டெஸ்டர் கணித்தார். லைனிங் பலகைகளின் இணைப்புக் கோடுகள்கூட ஒலியைச் சிதறடித்துக் கரையாத மோடுகளுக்குத் தள்ளிவிடும் என்பதால், ஏர்பஸ் ஏ380 எஞ்சின்களின் முகப்பில் இணைப்பே இல்லாத ஒரே வளையமாக லைனிங் செய்தார்கள்.

ஓட்டம் சில சமயம் ஆபத்தாகவும் முடியும். 1958இல் எர்வின் மேயர், மெச்செல், குர்ட்ஸே மூவரும் வெளியிட்ட சோதனைகளில், ஒத்ததிர்விகள் பொருத்திய டக்ட்டில் காற்று ஓடியபோது சில அதிர்வெண்களில் ஒலி குறைவதற்குப் பதிலாகக் கூடியது. ஓட்டத்திலிருந்து ஆற்றலை எடுத்து ஒலிக்குக் கொடுக்கும் வேலையைச் சுவரே செய்தது. சத்தத்தைக் குறைக்க வைத்த பொருள் விசிலடிக்கும் நிலை.

கட்டட டக்ட்டுகளுக்குத் திரும்பினால், நல்ல வேளையாக இவற்றில் பெரும்பாலானவை சிறு திருத்தங்கள்தான். நொடிக்கு 6 மீட்டர் என்பது ஒலி வேகத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அது லைனிங்கின் குறைப்பை மூன்று நான்கு சதவீதம் அப்படியும் இப்படியும் மாற்றும். 23 டெசிபலில் ஒரு டெசிபல்கூட இல்லை. ஆனால் அந்த ஓட்டம் வேறொரு வழியில் எல்லாக் கணக்கையும் கவிழ்த்துவிடும். ஓட்டமே சத்தம் போடும்.

டேம்பர் (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடு), கூர்மையான வளைவு, கிளைப் பிரிவு, கிரில் என்று எது குறுக்கே வந்தாலும் காற்று அதில் மோதிச் சுழல்கிறது. அப்படி எழும் ஒலியின் திறன் காற்றின் வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்குக்கு ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் 18 டெசிபல். வேகத்தைப் பாதியாக்கினால் அதே 18 டெசிபல் இறங்கும், ஒரு ரூபாய்க்கும் லைனிங் வாங்காமல். எனக்கு இந்தத் துறையில் மிகவும் உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டென்றால் இதுதான்: லைனிங்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேகத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

சைலன்சர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. உறிஞ்சும் பலகைகள் டக்ட்டின் பாதியை அடைத்துக்கொண்டால் மீதிப் பாதியில் காற்று இரட்டை வேகத்தில் ஓடியாக வேண்டும். நுழையும்போது நொடிக்கு 6 மீட்டர், இடைவெளிகளில் 12. வெளியேறும் முனையில் அந்தக் காற்று சுழன்று போடும் சத்தம் சைலன்சருக்கு அப்பால் பிறக்கிறது. அதை அந்தச் சைலன்சரால் தொட முடியாது. அதோடு அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறுவதால், அதை ஈடுகட்ட ஃபேனை வேகமாகச் சுற்ற வேண்டிவரும், மூலத்திலேயே சத்தம் கூடும். ஒரு பெரிய, மெதுவான சைலன்சர் இடத்தைத் தின்னும். கட்டடக் கலைஞரோடு நான் அதிகம் வாதாடுவது அந்த இடத்துக்காகத்தான், இன்னும் வாதாடுவேன்.

நேரில் அளந்து பார்த்தால் ஃபேனின் சத்தத்தையும் காற்றோட்டம் போடும் சத்தத்தையும் தனித்தனியாகப் பிரிக்கலாம். ஃபேனை நிறுத்திவிட்டு, டக்ட்டின் தொடக்கத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்து எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சலை விடுகிறோம். லைனிங்குக்கு முன்னும் பின்னும் மைக்கில் அளக்கிறோம். இது லைனிங்கின் உண்மையான திறமை. பிறகு ஸ்பீக்கரை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கிரிலுக்கு அருகே அளக்கிறோம். ஃபேனின் ஒலித்திறனிலிருந்து லைனிங் குறைப்பைக் கழித்து நாம் எதிர்பார்த்த அளவு ஒரு பக்கம், மைக் காட்டும் அளவு ஒரு பக்கம். எந்த அதிர்வெண்ணில் மைக் அதிகம் காட்டுகிறதோ அங்கே பெரும்பாலும் காற்றே புதிதாகச் சத்தம் போடுகிறது. டேம்பரைக் கொஞ்சம் திறந்து பாருங்கள், எண் உடனே இறங்கும். கிரிலிலிருந்து ஒரு முழம் தள்ளி டேம்பர் வைத்த இடங்களில் இந்தச் சோதனையைச் செய்துகாட்டினால் விளக்கமே தேவைப்படாது. ஆய்வகத்தில் சைலன்சர்களை அளக்கும் ஐஎஸ்ஓ 7235 முறையிலும் இந்த மூன்றும் வருகின்றன: ஒலிக் குறைப்பு, ஓட்டத்தால் பிறக்கும் ஒலி, அழுத்த இழப்பு. முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது மூன்றில் ஒரு பங்கு தகவலை வைத்து வாங்குவது.

பக்கவழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டக்ட்டுக்குள் எவ்வளவு நீளம் லைனிங் போட்டாலும் ஒலி தகரச் சுவர் வழியாக நடுங்கிக்கொண்டே முன்னேறும், தகரத்தை ஊடுருவிக் கூரைக்கு மேலேயும் கசியும். அதனால் நேர் டக்ட் லைனிங்குக்கு எந்த அதிர்வெண்ணிலும் 40 டெசிபலுக்கு மேல் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது வடிவமைப்பில் வழக்கமான வரம்பு. சைலன்சரை இயந்திர அறையின் சுவரை ஒட்டி வைப்பதும் இதற்காகவே. சுவரைத் தாண்டிப் பத்தடி தள்ளி வைத்தால் நடுவிலுள்ள வெற்று டக்ட் வழியாகச் சத்தம் கசிந்துவிடும்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று. இழை லைனிங்கின் மேல் ஒரு மெல்லிய கண்ணாடித் துணி இருக்கும், காற்று இழைகளைப் பிய்த்துக்கொண்டு போகாமல் அதுதான் காக்கிறது. அதற்கு மேல் சுத்தமாகத் தெரியட்டும் என்று யாராவது கெட்டியாகப் பெயின்ட் அடித்தால் துளைகள் அடைபட்டு உறிஞ்சுதல் போய்விடும். ஈரம் தங்கும் இடத்தில், ஈரப்பதமூட்டிக்குப் பக்கத்தில், இழை லைனிங்கே வேண்டாம். மருத்துவமனை மாதிரி இடங்களில் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் பொருளைப் போர்த்துகிறார்கள். படலம் உயர்ந்த அதிர்வெண் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு புதிய வரைபடம் கைக்கு வந்தால் நான் லைனிங் அட்டவணையைப் பார்ப்பதில்லை. கடைசிக் கிளையில் காற்றின் வேகம் என்ன என்று தேடுவேன். ஒலிப்பதிவு அறை மாதிரி இடத்துக்கு நொடிக்கு 2 மீட்டருக்குக் கீழே இருந்தால் மேலே படிப்பேன். 5 என்று போட்டிருந்தால், கிளை டக்ட்டைப் பெரிதாக்கி, டேம்பரைக் கிரிலிலிருந்து நன்றாக மேலே தள்ளி வைக்கச் சொல்லி வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். லைனிங்கின் நீளத்தையும் தடிமனையும் அது திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.